உத்தரவாத அட்டை

கோட்டைச்சாமி ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் வாசல் நிலையைத் தட்டினார்.

கீழிருந்து மேலாக, சாணுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் காதை மரத்தோடு ஒட்டி வைத்துக் கேட்டார்.

“கல்லு மாதிரி இருக்கு தம்பி. கரையான் பேச்சுக்கே இடமில்ல.”

நான் தலையசைத்தேன்.

வீட்டுக்குக் கரையான் மருந்து அடித்து இன்றோடு ஒரு வருடம். ஐந்து வருட உத்தரவாதம். வருடத்துக்கு ஒருமுறை, மருந்து அடித்த அதே தேதியில், அவர் விருதுநகரிலிருந்து வந்து பார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டாலும் உத்தரவாதம் செல்லாது.

இன்று வருவார் என்று எனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயாவது போயிருக்கலாம்.

போகவில்லை.

சுவரும் தரையும் சேரும் இடத்தில், அடிக்கு ஒன்றாகத் துளைகள். அன்று மருந்து ஊற்றி வெள்ளை சிமெண்டால் அடைத்தவை. குனிந்தபடி ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார்.

“தங்கச்சி வேலைக்குப் போயிருச்சா?”

“ஆமாண்ணே.”

செல்வலட்சுமிதான் முதலில் பார்த்தாள். உள் அறை அலமாரிக்குப் பின்னால் பென்சில் கனத்தில் ஒரு மண்கோடு ஏறியிருந்தது. அலமாரியைத் திறந்தால், எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதி இல்லை.

அது தீபாவளி முடிந்த வாரம். அவளுடைய பட்டாசுக் கம்பெனி அடைத்திருந்தது. தான் வீட்டில் இருக்கும்போதே மருந்து அடித்துவிடலாம் என்றாள்.

எனக்கு அச்சகத்தில் காலண்டர் சீசன். தை பிறக்கட்டும் என்றேன். தை பிறந்ததும், வெயில் வரட்டும், தரை காயட்டும் என்றேன். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வந்துவிட்டால் எனக்கு லீவு கிடைக்காது. அதற்குப் பயந்துதான் ஜூலையில் ஒரு புதன்கிழமை கோட்டைச்சாமியை வரச் சொன்னேன்.

அவர் குனிந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார்.

“அன்னைக்கு நீங்க ஓடுன ஓட்டம் இருக்கே தம்பி! ஒரு கால்லதான் செருப்பு. கையில தூக்குச்சட்டி. ஏலே நிறுத்துலே, நிறுத்துலேன்னு கம்பெனி வேனுக்குப் பின்னாடி தண்ணி டேங்க் வரைக்கும்ல ஓடுனீக! என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். தங்கச்சி மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டே வந்து ஏறுச்சு பாருங்க.”

நானும் சிரித்தேன். சிரிக்க வந்தது.

சமையலறை முடிந்தது. ஜன்னல் சட்டங்கள் முடிந்தன. உள் அறை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இது வேண்டாம்ணே. நல்லாத்தான் இருக்கு.”

“அதெப்படி? இங்கனதான மொதல்ல வந்துச்சு. இதைப் பாக்காம நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

நகர்ந்து வழிவிட்டேன்.

துளைகளை அழுத்தியபடியே உள்ளே போனார். அலமாரியை இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்துக்காக நிமிர்ந்தார். படங்களுக்குப் பின்னால்தான் கரையான் யாருக்கும் தெரியாமல் ஏறும். போன வருடம் அவர்தான் சொல்லியிருந்தார்.

நீட்டிய கை பாதியில் நின்றது.

கரையான் தின்று மிஞ்சிய ஆல்பத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். அவளுடைய இடது தோள் இல்லை. அந்த இடத்தை ஸ்டுடியோக்காரர் நீல நிறத்தால் நிரப்பியிருந்தார். கீழே இரண்டு தேதிகள்.

இரண்டாவது தேதி 19.7.2006.

அவருடைய சட்டைப்பையில் இருந்த அட்டையில், அவரே எழுதிய தேதியும் அதுதான். அன்று அவர் விருதுநகருக்குக் கிளம்பிய பிறகுதான் சேதி வந்தது.

மாலை நழுவாமல் படத்தை மெதுவாகத் தூக்கி, பின்னால் பார்த்தார். மறுபடி மாட்டினார். சாய்ந்திருந்ததை நேராக்கினார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

“பின்னாடி ஒண்ணுமில்ல தம்பி.”

அட்டையைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருகை என்று இருந்த இடத்தில் பேனா நின்றது.

“அடுத்த வருசம் வேற ஒரு நாள் வரட்டுமா?”

“இதே தேதிக்கு வாங்கண்ணே.”

ஊரில் திதிதான் பார்ப்பார்கள். அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அன்று எல்லாரும் வருவார்கள். வேலைக்குப் போன இடத்தில் வெடித்ததற்கு நீ என்ன செய்வாய் என்று என் தோளைத் தொடுவார்கள். வேனில் இருந்தவர்களும் அதையே சொல்வார்கள். அவர்களுக்கு, அவள் அன்று வேனுக்குப் பிந்திவிட்டவள்.

அவள் பிந்தவில்லை. தலைவலி என்று முந்தின நாளே லீவு சொல்லியிருந்தாள்.

“நான் ராக்காயி அத்தை வீட்ல படுத்துக்கிறேனே.”

மருந்து நாற்றம் தெரு முழுக்க அடிக்கும், தலைவலி கூடும், கம்பெனியில் நல்ல காற்றில் இரு என்று சொன்னது நான். அதைக் கேட்டது, துளைபோடும் மெஷினோடு வாசலில் நின்றிருந்த கோட்டைச்சாமி மட்டும்.

அவர் அதே தேதியை எழுதி, அட்டையை என் கையில் கொடுத்தார்.

உத்தரவாதம் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.