சத்தமில்லாமல் மூடும் போன்

நீதிபதி சொன்னதும் மின்விசிறிகள் நிற்கின்றன. சாட்சிக் கூண்டில் நிற்கும் இன்ஜினியரம்மாவின் கையில் இரண்டு மடக்கு போன்கள். ஒன்று அவள் செய்தது, மற்றது பெரிய கம்பெனியுடையது. மற்ற போன்களெல்லாம் படக்கென்று மூடும். தன் கைக்குழந்தை முழித்துக்கொள்ளக் கூடாதென்று மண்டையை உடைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்த கீலுக்குச் சத்தமே கிடையாது. காப்புரிமை அவளுடையது. அந்தக் கீலோடு போன் விற்காதே என்று கோர்ட் சொன்னதைக் கம்பெனி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் தன் போனை மூடுகிறாள். பிறகு கம்பெனியின் போனை மெதுவாக மூடுகிறாள். ஜன்னல் வெயிலில் தூசிகூட அசையவில்லை. கம்பெனி வக்கீல் நக்கலாகச் சிரிக்கிறார். "ஃபேனை நிறுத்தி என்னங்கய்யா பிரயோஜனம்? எங்க போன்ல ஒரு சத்தமும் காணோமே." நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். "அந்தம்மா சொல்றதும் அதத்தான், வக்கீல் சார்." கடைசி பெஞ்சில், அப்பாவின் தோளில், குழந்தை இன்னும் தூங்குகிறது.