நாலு மாதப் பெட்டி

வாட்டர் ஃபில்டர் பெட்டி சிங்க்குக்கு அடியில் வந்து உட்கார்ந்து நாலு மாதம் ஆகிவிட்டது. பாத்திரப் பொடி எடுக்க அவள் குனியும்போதெல்லாம் அது முட்டியில் இடித்தது.

"என்னங்க, இன்னைக்காவது இதை மாட்டுவீங்களா?"

"இருக்கிறதே ஒரு நாள் லீவு. அதுலயும் உயிரை வாங்காதே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சோபாவில் புரண்டு படுத்தான் கணவன்.

"நாலு மாசமா இதே பாட்டுதான். நான் கம்பெனிக்கே போன் பண்ணி ஆளை வரச் சொல்றேன்."

"தாராளமா சொல்லு. ஆளை விடு."

அவள் சமையலறைக்குள் போய் போன் செய்தாள். விலாசத்தைச் சொல்லி, இன்றைக்கே ஆள் வந்தாக வேண்டும் என்று கறாராகப் பேசினாள்.

ஐந்தாவது நிமிடம் கணவனின் போன் அடித்தது.

"சார், இன்னைக்கு எனக்கு லீவு... வேற ஆளே இல்லையா? அந்தம்மா அப்படிக் கத்துறாங்களா? சரி, விலாசத்தை அனுப்புங்க, போய்த் தொலையறேன்."

அலுத்துக்கொண்டே எழுந்தவன், வந்த விலாசத்தைப் படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. அது அவன் வீட்டு விலாசம்.

எதிரில் மனைவி நின்றிருந்தாள். ஒரு கையில் இஸ்திரி போட்ட அவனுடைய கம்பெனிச் சட்டை, மறு கையில் அவனுடைய ஸ்பேனர் பை.

"சீக்கிரம் மாட்டுங்க. சர்வீஸ் எப்படின்னு ஆபீஸ்ல இருந்து கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்."