எதிர்விசை

கையை எடுத்தால் தீர்ந்தது. முப்பது கண்ணாடியும் தூள்.

அப்பாவின் வேன் முகப்பில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, ஒரு காலை முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரில் உதைத்து நின்றாள் அவள். பதினைந்து வயதில் இவ்வளவு பலம் இருப்பது அவளுக்கே புதுச் செய்தி.

வேனுக்குள் ஜன்னல் கண்ணாடிகள். நேற்று அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தியவை. குளிரில் பல் அடித்துக்கொள்வது போலக் கிணுகிணுத்தன. பத்து மணிக்குள் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

செய்தது இவ்வளவுதான். அப்பா தூங்குகிறாரே என்று ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஹேண்ட்பிரேக்கை விட்டுப் பார்த்தாள். வேன் ஓர் அங்குலம் முன்னே நகர்ந்தது. குதித்து ஓடிவந்து முட்டுக்கொடுத்தாள்.

முதலில் வேன் சொன்ன பேச்சைக் கேட்டது. கொஞ்சம் பின்னால்கூடப் போனது. அப்புறம் அதற்கு என்ன வந்ததோ, இவள் தள்ளத் தள்ள அதுவும் திருப்பித் தள்ளியது.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று இயற்பியல் டீச்சர் தொண்டை வலிக்கச் சொன்னபோது எழுதிக்கொண்டாளே தவிர, நம்பவில்லை. இப்போது நம்பினாள்.

அப்பாவைக் கூப்பிடலாம்தான். ஆனால் அவர் ஓய்வில் இருக்கும் பொருள். வெளிவிசை ஏதாவது போய் உலுக்கும்வரை ஓய்விலேயே இருப்பார். உலுக்கிய வெளிவிசைக்கு என்ன ஆகும் என்று பாடத்தில் இல்லை.

கை மட்டும் போதவில்லை. கன்னத்தையும் வைத்து அழுத்தினாள். காது தகரத்தில் ஒட்டியது.

திடப்பொருளில் ஒலி நன்றாகப் பரவும். அதுவும் உண்மைதான் போலிருக்கிறது. வேன் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

பிறகு வேன் பேசியது.

"துணி காயப்போட்டுட்டு இருக்கேன், இது பாட்டுக்கு என் மேல ஏற வருது. ஒரு ஹேண்ட்பிரேக் போடத் துப்பில்ல இந்த மனுஷனுக்கு."

அம்மா.

வேனின் பின்பக்கத்தில். தரை என்னவோ சமமாகத்தான் இருந்தது; முதல் அங்குலம் இவள் ஏறி உட்கார்ந்த குலுக்கல். வேன் பாவம், யாரையும் தள்ளவில்லை. கால் மணி நேரமாக அம்மாவும் மகளும்தான் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"அம்மா, நான் முன்னாடி இருக்கேன். நீ தள்றதுதான் இங்க வருது."

"நீ எங்கடி அங்க?"

"தானா நகர்ந்துச்சும்மா. ஓடிவந்து புடிச்சேன்."

பழி அழகாக அப்பா தலையில் போய் உட்கார்ந்தது.

"சரி, மூணு எண்றேன். ரெண்டு பேரும் ஒண்ணா கைய எடுத்துடணும். ஏமாத்தக் கூடாது," என்றாள் அம்மா.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவள் எடுக்கவில்லை. தான் எடுத்து, அம்மா எடுக்காமல் விட்டால்? கண்ணாடிக்கு முன்னால் அவளல்லவா சுவரில் அப்பிக்கொள்வாள்.

வேன் இம்மியும் அசையவில்லை.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்மா. நீ?"

"நான் அப்பவே எடுத்துட்டேன்."

கண்ணாடிகள் கிணுகிணுத்தன.

அவள் இன்னும் மூச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறாள். அம்மா எடுத்திருந்தால் வேன் இந்நேரம் பின்னால் போயிருக்க வேண்டும். ஆக, அம்மா பொய் சொல்கிறாள். ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால், தன் பொய்யை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தப் பக்கம் அம்மாவும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருப்பாள்.

"அப்ப நின்னுக்கிட்டு என்ன பண்றே? போய் ஹேண்ட்பிரேக்கைப் போடுடி."

எடுத்துவிட்டதாகச் சொன்ன கையை இப்போது எப்படி எடுப்பது?