எண்கள் இல்லாத ரிமோட்

2023 நவம்பர் 18, சனிக்கிழமை, முற்பகல். மதுரை திருநகரில், ஒரு வாடகை வீட்டின் கூடத்துச் சுவரில், நாற்பத்து மூன்று அங்குலத் தொலைக்காட்சி பொருத்தப்பட்டுக்கொண்டிருந்தது.

சுவரைத் துளைக்கும் தூசு கணவர்மீது படாதபடி, சக்கர நாற்காலிக்கு மேலே அவள் ஒரு பழைய புடவையை விரித்துப் பிடித்திருந்தாள்.

பக்கவாதம் அவருடைய பேச்சை எடுத்துக்கொண்டது. வலக்கையை எடுத்துக்கொண்டது. எழுத்துகளைக் குழப்பிவிட்டது.

எண்களை மட்டும் விட்டுவைத்தது. மின்வாரியத்தில் வீடு வீடாகச் சென்று மீட்டர் பார்த்துக் கணக்கெடுத்தவர் அவர்.

இடக்கைப் பெருவிரலுக்குப் பழைய ரிமோட் போதுமானதாக இருந்தது.

சமையல் நிகழ்ச்சி ஓடினால் பசி. செய்தி ஓடினால் காபி. பக்திப் பாடல் அலறினால் கழிவறைக்கு அழைத்துப்போக வேண்டும். அந்தப் பொருத்தத்தைக் கண்டுகொண்ட அன்று இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அடுக்களையிலிருந்தே அவள் மறுமொழி சொல்வாள். பால் பொங்கட்டும், வருகிறேன் என்பாள். ஒலி சற்றுக் குறையும். சரி என்று பொருள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகள் பூங்கோதையிடமும் சொன்னதில்லை. கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதை யாராவது வெளியே சொல்வார்களா?

புரட்டாசியில் அவர் வேறோர் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

அந்த எண்ணில் ஒளிபரப்பே கிடையாது.

திரை கறுத்துவிடும். வீடு ஓசையற்றுப் போகும். அவள் கையில் கரண்டியோடு ஓடிவருவாள். அவர் திரையைப் பார்க்கமாட்டார். அவளைப் பார்ப்பார்.

முதல் முறையே அவளுக்குப் புரிந்துவிட்டது.

இப்படி வாழ்ந்தது போதும் என்கிறார்.

கேபிள் தளர்ந்திருக்கிறது போலும் என்று அவள் உரக்கச் சொன்னாள். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, கெட்டுப்போகாத கம்பியைச் சரிசெய்தாள். சமையல் நிகழ்ச்சியை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள்.

மறுநாளும் கறுப்பு. மறுநாளும் கம்பி.

தீபாவளிக்கு ஓசூரிலிருந்து வந்த மகள், அப்பா இவ்வளவு மங்கலான படத்தையா நாள் முழுவதும் பார்க்கிறார் என்று வருந்தினாள். அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போனாள். உயர்ந்த விலையும் வேண்டாம், மட்டமானதும் வேண்டாம் என்று நடுத்தரமாக ஒன்றைத் தேர்ந்தாள். பழையதைக் கொடுத்தால் தள்ளுபடி உண்டு. கேபிளும் இனித் தேவையில்லை. எல்லாம் இணையத்திலேயே வரும்.

விற்பனையாளர் புதிய ரிமோட்டை அம்மாவின் கையில் வைத்தார்.

அதில் எண்கள் இல்லை.

அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறமும் இல்லை.

இதுவே இருக்கட்டும் என்றாள்.

இப்போது துளையிடும் ஓசை நின்றது. பொருத்த வந்த சிக்கந்தர் ஏணியிலிருந்து இறங்கி, திரையை ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரித்தார். பூங்கோதை அதன் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். முதலில் அப்பாதான் போட வேண்டும் என்றாள்.

சிக்கந்தர் ரிமோட்டை அவருடைய இடக்கையில் வைத்தார்.

"ஐயா, நீங்க பட்டனைத் தேடவே வேணாம். இந்த மைக்கை அமுக்கிட்டு வாயால சொன்னாப் போதும். வந்துரும்."

பூங்கோதை சிக்கந்தரின் முழங்கையைத் தொட்டு, அப்பாவுக்குப் பேச்சு வராது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

அதற்குள் கணவரின் பெருவிரல் ரிமோட்டின்மேல் மெல்ல நகர்ந்தது. மேலே தேடியது. கீழே தேடியது. மின்சாரம் போன வீட்டில் சுவரைத் தடவுவது போலத் தடவியது.

பிறகு மைக்கை அழுத்தியது.

திரையில் ஒரு நீலக் கோடு அசைந்தது. 'கேட்கிறேன், சொல்லுங்கள்.'

அவர் வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

'புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்.'

மீண்டும் சொன்னார்.

'புரியவில்லை.'

அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

கடையில் அந்த ரிமோட்டை அவள் திருப்பிப் பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்தவரைப் போலப் பார்த்தார்.

சிக்கந்தர் பழைய தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவள் குறுக்கே போய் நின்றாள். அதை உள்ளே வைத்துவிடும்படி சொன்னாள். தள்ளுபடி கிடைக்காதே என்று அவர் நினைவூட்டினார். வைத்துவிடும்படி மீண்டும் சொன்னாள்.

முக்காலியின்மேல் வைக்கச் செய்து, கேபிள் கம்பியைத் தன் கையாலேயே செருகினாள். பழைய ரிமோட்டைக் கணவரிடம் கொடுத்தாள்.

சமையல் வரும் என்று நினைத்தாள். செய்தி வரும் என்று நினைத்தாள்.

திரை கறுத்தது.

சிக்னல் இல்லை போலும் என்று சொல்லிக்கொண்டே பூங்கோதை கம்பியை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதைத் தொடாத. அப்பா பேசுறாரு."

பூங்கோதை கறுத்த திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

முடிவானது இதுதான். பழைய தொலைக்காட்சி கொடுக்கப்படவில்லை. கேபிள் இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. புதியது கூடத்துச் சுவரிலேயே இருக்கும். விருந்தினர் வந்தால் பார்ப்பார்கள். பழையது அவருடைய கட்டிலருகே முக்காலியில் இருக்கும். அதன் திரை கறுக்கும்போது யாரும் கம்பியைத் தொடுவதில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரே உட்காருவாள்.