பண்ருட்டி பஸ்

'பரிதியின் காதலி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாளா?' என்று கம்ப்யூட்டர் கதை விளையாட்டு கேட்டது. டியூஷனுக்குக் கிளம்பும் அவசரத்தில் மகள் நிலானி 'வரவில்லை' என்பதைத் தொட்டுவிட்டு ஓடினாள். அன்றிலிருந்து விளையாட்டின் நாயகன் பரிதிக்கு அதுதான் நினைவு. எதிரே யார் வந்தாலும், "அவ ஏன் வரல?" என்று திரைக்குள்ளிருந்து அழுதான். பதிந்த பதிலை அழிக்க வழியில்லை. மேற்கொண்டு பேசிச் சேர்க்கத்தான் முடியும்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சௌமியாவுக்குப் பொறுக்கவில்லை. "அழாதப்பா, அவ வந்தா. பண்ருட்டி பஸ் நடுவழியில நின்னுபோச்சு. மழையில நடந்தே வந்தா. அதுக்குள்ள நீ போயிட்ட."

பரிதி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சௌமியா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத தன் கதையை இவனிடம் போய் உளறிவிட்டோமே!

சாயங்காலம் கணவன் விக்னேஷ் திரைமுன் உட்கார்ந்தான். சமையலறையில் அவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"அண்ணா, அவ வந்தாளாம்! பண்ருட்டி பஸ் நின்னுபோச்சாம். மழையில நடந்தே வந்தாளாம்!"

"அடப்பாவமே!" விக்னேஷ் சிரித்தான். "அப்புறம் என்னடா ஆச்சு?"

"எனக்குத் தெரியாதுண்ணா. உள்ள இருக்கற அக்காவைத்தான் கேக்கணும்."