ஆஃப் பண்ணாதீங்க

"வாங்க, கதவு திறந்துதான் இருக்கு. ஆனா எதையும் ஆஃப் பண்ணிடாதீங்க."

குரல் வந்த அறைக்குள் நூலகர் தயங்கியபடி நுழைந்தார். விடுமுறை நாட்களில் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. லினக்ஸ் என்ற இலவசக் கணினி இயங்குதளத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் சொல்லித்தரும் குழு ஒன்றில் இருந்தார். கூலி கிடையாது. லினக்ஸின் சின்னமான பென்குயின்தான் குழுவில் அவருக்குப் பெயர்.

அறை கலைந்து கிடந்தது. மேசை இழுப்பறைகள் வெளியே கிடந்தன. தரையெங்கும் மருத்துவமனைச் சீட்டுகள். மூலையில் கணினி மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. அதன் திரைக்கு மேல் கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள்: 'ஆஃப் பண்ணாதீங்க.' ஜன்னலோரம் சாம்பல் நிறச் சால்வை போர்த்திய பெண் ஒருத்தி நின்றிருந்தாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க மெயில் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. பொண்ணுக்குப் பரீட்சை, அது இதுன்னு நாள் ஓடிடுச்சு."

"பரவால்ல. வந்தீங்களே, அதுவே போதும்."

"என்ன பிரச்சினை, சொல்லுங்க."

"லினக்ஸ் வந்ததும் ரெண்டுல ஒண்ணைத் தொடச் சொல்லுச்சு. 'முயன்று பார்', 'நிறுவு'. நிறுவுற அளவுக்கு நாம என்ன பெரிய ஆளான்னு 'முயன்று பார்'ல அமுக்கிட்டேன்."

பென்குயினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புதுசா வர்றவங்க பாதிப்பேர் இப்படித்தாம்மா. அப்ப இதுல எதுவுமே உள்ள பதியல. சும்மா நினைவுலதான் ஓடிக்கிட்டிருக்கு. ஆஃப் பண்ணா எல்லாம் போயிடும்."

"தெரியும். முதல் நாள் எழுதினது அப்படித்தான் போச்சு. அதுலேர்ந்து நிறுத்தறதே இல்ல."

"சரி, உக்காருங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க தட்டுங்க. கீபோர்டை நாங்க தொடறதில்ல. எங்க குழுவோட விதி அது. தானா தட்டினாத்தான் கை பழகும்."

அவள் நாற்காலிப் பக்கம் வரவில்லை. "என்னால முடியாதுங்க."

"பயப்படாதீங்க, கடிக்காது."

"நேரமில்ல. வீட்டுக்காரர் அட்டைப்பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருக்கார். வந்ததும் இதை ஆஃப் பண்ணி மூட்டை கட்டிடுவார். இது ஓடற சத்தம் தாங்கலையாம். இதுக்குள்ளதான் பாப்பாவோட பட்டியல் இருக்கு."

"என்ன பட்டியல்?"

"அவளுக்கு ஆகாத மருந்துங்க. ரெண்டு வயசுல ஒரு ஊசி போட்டு உடம்பெல்லாம் நீலமாயிடுச்சு. அப்ப நான் மட்டும்தான் கூட இருந்தேன். நாளைக்கு அவளுக்கு டான்சில் ஆபரேஷன்."

"அட, இதை அவர்கிட்ட நீங்களே வாயால சொல்லிடலாமே."

"நான் சொன்னா அவர் காதுல விழாது."

பென்குயினுக்குத் தன் மனைவியின் ஞாபகம் வந்தது. "எல்லா வீட்லயும் இதே பாட்டுதாம்மா."

"கண்ணெதிர்ல நின்னாக்கூட என்னைத் தாண்டிப் போறார். நேத்திலேர்ந்து வீடு பூரா தேடறார். எல்லாம் தப்பான இடத்துல."

அவள் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் மட்டும் இருந்தது. ஜன்னல் மூடித்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு முதுகு சில்லிட்டது.

ஒரு பெண் இப்படிக் கேட்கும்போது விதியாவது மண்ணாவது. "ஆண்டவனே" என்று வழக்கம்போல முணுமுணுத்துவிட்டு அவரே உட்கார்ந்தார். விசைகளின் மேல் தூசி பூத்திருந்தது. தேடியதும் கிடைத்தது, 'பாப்பாவுக்கு ஆகாதவை'. கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்தார்.

"பதினோரு நாளா இதைத் தொடவே இல்லையா?"

"தொட முடியல."

பென் டிரைவில் ஒரு நகல் எடுத்தார்.

"அதை அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. பெரிய எழுத்தா."

மூன்றே மூன்று மருந்துகள். நிதானமாக எழுதி, எழுத்துப் பிழை இல்லையே என்று இரண்டு முறை சரிபார்த்தார்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க" என்றாள் அவள், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து.

படியில் காலடிச் சத்தம். நான்கு நாள் தாடியோடு ஒருவர் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்.

"யார் சார் நீங்க?"

"லினக்ஸ் குழுவிலேர்ந்து வரேன். முதல்ல இதைப் பிடிங்க. இந்த மூணும் பாப்பாவுக்கு ஆகாதாம். நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டணும்."

அவர் தாளைப் படித்தார். பெட்டி கை நழுவி விழுந்தது.

"ரெண்டாவதா இருக்கறதைத்தான் நாளைக்குப் போடறதா இருக்காங்க. ஏதோ ஒரு ஊசி ஆகாதுன்னு தெரியும், எதுன்னு தெரியாம டாக்டர் முன்னாடி முழிச்சேன். வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடிட்டேன். உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"உங்க வீட்லதான். நான் சொன்னா அவர் காதுல விழாதுன்னு வருத்தப்பட்டாங்க. இதோ, ஜன்னல்கிட்டதான்..."

திரும்பினார். ஜன்னலோரம் யாரும் இல்லை. அந்த அறைக்கு வேறு வாசலும் இல்லை.

"அவ போய்ச் சேர்ந்து பத்து நாள் ஆச்சு சார்" என்றார் கணவர். பிறகு வெறும் ஜன்னலைப் பார்த்து, தாளை மார்போடு சேர்த்துக்கொண்டு, "விழுந்துடுச்சும்மா, காதுல விழுந்துடுச்சு" என்றார்.