கன்னத்தோடு ஒரு கை

மரியபுஷ்பம் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகியதும், கடைச் சுவரில் இருந்த அத்தனை டிவிகளிலும் அவள் மகள் ரெஜினா போன வருடக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கபடியில் மாநில அணிக்குத் தலைவி. ஞாயிற்றுக்கிழமை தேசிய இறுதி ஆட்டத்தை நேரலையில் காட்டப் போகிறார்கள். அதற்குத்தான் புது டிவி.

ஒன்றில் மகள் மஞ்சள் பூசியவள்போல் இருந்தாள். இன்னொன்றில் முகத்தில் பவுடரைக் கொட்டிய மாதிரி. அடுத்ததில் யார் வீட்டுப் பெண்ணோ.

"இந்த எல்இடிய எடுங்கக்கா. பின்னால விளக்கு எரியும், மொகம் பளிச்சுனு இருக்கும்" என்றார் விற்பனையாளர். "ஓரத்துல இருக்கது ஓஎல்இடி. அதுல கறுப்பு வார எடத்துல விளக்கே அணைஞ்சிரும். தங்கச்சி கொஞ்சம் கறுப்பாத் தெரியுது பாருங்க."

"எம்மவ என்ன அணைஞ்சா கெடக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் ஓரத்து டிவியிடம் போனாள். வளையல்களை மேலே ஏற்றிவிட்டு, தன் முன்கையைத் திரையில் மகளின் கன்னத்தோடு ஒட்டி வைத்தாள். கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டிலும் வியர்வை ஒரே மாதிரி மின்னியது.

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றாள்.

"வேணும்னா கொஞ்சம் வெளிச்சம் கூட்டிருதேன்க்கா" என்று அவர் ரிமோட்டை நீட்டினார்.

மரியபுஷ்பம் மற்றக் கையால் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.